மின்சாரத்தால் புற்றுநோய் மாறுமா?

"ரீச்சர், கரண்ட் பிடிச்சுக் கான்சரை மாத்தினமாம், உண்மையோ?"

கடந்த சில வருடங்களாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சந்தையில் கேட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள், செத்தவீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஜேர்மனியில் வாழ்ந்த என் அத்தான் மொட்டைத் தலையில் வெள்ளைப் பிளாஸ்டர்களை ஒட்டி, தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டபடி நிற்கும் படம் உறவினர்களின் கைத்தொலைபேசிகளில் சுற்றி வந்ததுதான் காரணம். அவருக்கு 'ஷொக்' கொடுக்கிறார்கள் என்று சிலர் இரங்கினார்கள். மின்சாரத்தால் நோயையே எரித்துவிட்டார்கள் என்று வேறு சிலர் மகிழ்ந்தார்கள். இரண்டுமே உண்மையல்ல.

இந்தக் கேள்வி வெறும் ஆவலோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே மாறியது. அவருடைய கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில், மின்புலம் புற்றுநோய்க் கலங்களை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில் இழையுருப்பிரிவின் படங்களைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ தெரியாது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்கள் முதலில் இரட்டிப்படையும். பின்னர் கலத்தின் இரு முனைகளுக்கும் இடையே நுண்புன்குழாய்களால் ஆன கதிர்நார்கள் உருவாகும். மீன்பிடி வலையின் கயிறுகள் போல அவை நிறமூர்த்தங்களைப் பிடித்து, சரிபாதியாக இரு பக்கமும் இழுத்துச் செல்லும். கடைசியில் கலம் நடுவில் ஒடுங்கி, உடுக்கின் வடிவத்தை எடுத்து, இரண்டாகப் பிரிந்துவிடும். நம் உடலில் புண் ஆறுவதும், குழந்தை வளர்வதும் இவ்விதமே. புற்றுநோய் என்பது இந்தப் பிரிவு கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டே இருப்பது.

அந்த நுண்புன்குழாய்கள் ரியூபியூலின் என்ற புரதத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் உருவாகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை நேர், மறுமுனை மறை. அதாவது மின்புலம் ஒன்றினுள் வைத்தால் அது திரும்பப் பார்க்கும். பாடசாலையில் காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்க முயலும்போது, ஒருவர் "வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு" என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் வரிசை அமையுமா? மின்புலத்தின் திசையைச் செக்கனுக்கு 200,000 தடவை முன்னும் பின்னுமாக மாற்றினால் இந்தப் புரதத் துண்டுகளின் நிலையும் அதுதான். கதிர்நார்கள் ஒழுங்காக அமைவதில்லை. கலம் உடுக்கு வடிவத்தை எடுக்கும் கட்டத்தில் அதன் ஒடுங்கிய கழுத்தில் மின்புலம் செறிந்து, உள்ளே இருக்கும் பொருட்களை அந்தப் பக்கம் இழுக்கவும் செய்கிறது. பிரிவு இடையில் குழம்புகிறது. சில கலங்கள் அவ்விடத்திலேயே இறக்கின்றன. வேறு சில, நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிழைத்த பிள்ளைக் கலங்களைத் தோற்றுவித்து, அவை பிறகு அழிகின்றன. விளக்கத்தின் ஒவ்வொரு படியும் இன்னும் ஆராயப்பட்டே வருகிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் கலங்கள் இவ்வாறு இறப்பதைப் பலர் பல தடவை கண்டிருக்கிறார்கள்.

இங்கே எரிப்பதோ 'ஷொக்' அடிப்பதோ இல்லை. பயன்படுத்தும் புலம் சென்ரிமீற்றருக்கு 1 முதல் 3 வோல்ற்று வரைதான். நம் வீட்டு ரோச்சுக்குப் போடும் சிறிய பற்றரி ஒன்று 1.5 வோல்ற்று என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் மென்மை விளங்கும். பிரியாமல் இருக்கும் கலத்தை இது பெரிதாகத் தொடுவதில்லை. வளர்ந்தவரின் மூளையில் நரம்புக் கலங்கள் பிரிவதில்லை. ஆனால் அங்கே தோன்றும் புற்றுக்கட்டியோ வேகமாகப் பிரிகிறது. ஆகவே இந்த முறையை முதலில் மூளையில் பயன்படுத்திப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் இஸ்ரேலின் ஹைபா நகரிலுள்ள ரெக்னியோன் தொழினுட்ப நிறுவகத்தின் உடற்றொழிலியல் பேராசிரியர் யோராம் பால்ட்டி. குறைந்த மீடிறனுள்ள ஆடலோட்டம் நரம்பையும் தசையையும் தூண்டும். மிக உயர்ந்த மீடிறன் இழையங்களைச் சூடாக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியால் உடலுக்கு ஒரு விளைவும் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அந்த இடைப்பட்ட பகுதியைத்தான் பால்ட்டி ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டில் நோவோகியூர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2004இல் அவருடைய குழுவினர், கலங்களிலும் எலிகளிலும் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். 2007இல் மூளைப் புற்றுநோய் திரும்பி வந்த 10 பேரில் செய்த முதல் முயற்சியின் அறிக்கை வந்தது. 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நோய் திரும்பி வந்தவர்களுக்கு அந்தக் கருவியை அனுமதித்தது. 2015இல் புதிதாக நோய் கண்டவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

அத்தானுக்கு 2021 ஒக்ரோபரில் வந்தது கிளியோபிளாஸ்ரோமா. மூளைப் புற்றுநோய்களுள் மிகக் கொடியது. அக்காவுக்கு அன்றே தெரியும், இது சுகமாகிற வருத்தமல்ல என்று. வைத்தியர் மறைக்கவில்லை. முதலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சையும் ரெமோசோலமைட் குளிசையும். அவை முடிந்த பின்னர், 2022 மார்ச்சில் குளிசையோடு சேர்த்து இந்தக் கருவியையும் அணியத் தொடங்கினார். நான் மே மாதம் அக்காவுக்கு உதவியாகப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன்.

அணிவது என்று சொல்வது சுலபம்! நாளொன்றுக்கு குறைந்தது 18 மணித்தியாலம் தலையில் இருக்க வேண்டும். தலைமயிரை முற்றாக மழித்து, சருமத்தைத் துடைத்து, நான்கு பிளாஸ்டர்களை ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்பது செரமிக் வில்லைகள். முன்னும் பின்னும் இரண்டு, வலமும் இடமும் இரண்டு. அவற்றின் வயர்கள் பையிலுள்ள கருவிக்குச் செல்லும். பற்றரியோடு அதன் பாரம் 1.2 கிலோ. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பற்றரி மாற்ற வேண்டும். இரவில் சுவர் மின்சாரத்தில் இணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பிளாஸ்டர்களைக் கழற்றி, முளைத்த மயிரை மழித்து, புதியவற்றைச் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டினால் சருமம் புண்ணாகிவிடும்.

தலையின் பின்பக்கத்தை எவராலும் தானே மழிக்க முடியாது. ஆகவே இந்தச் சிகிச்சைக்கு நோயாளி ஒருவரும் அவரோடு இன்னொருவரும் வேண்டும். அந்த இன்னொருவர் என் அக்கா. காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்து, பற்றரிகளைச் சார்ஜரில் செருகி, குளிசையை எண்ணிக் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் தலையை மழித்து ஒட்டுவார். குழந்தை எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து, பழைய பிளாஸ்டரை நோகாமல் மெல்ல மெல்ல உரித்தெடுப்பார். சிவந்த இடங்களுக்கு மருந்து பூசி, அரை மணித்தியாலம் காற்றாட விடுவார். அந்த அரை மணித்தியாலம்தான் அத்தானுக்குப் பெருநாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் தலையைத் தடவிக்கொண்டிருப்பார்.

"ஊரிலை கோயிலுக்கு மொட்டை போட்டது ஒருக்கால்தான். இஞ்சை வாரத்துக்கு ரெண்டு மொட்டை. எந்தக் கடவுளுக்கெண்டுதான் தெரியேல்லை" என்பார். அக்கா சிரிக்க மாட்டார். குசினிக்குள் போனபின் சிரிப்பார், அல்லது அழுவார்.

கருவியை ஒட்டுவதற்கு முன்னர் கேட்கப்படும் கேள்விகளை அக்கா எனக்குச் சொன்னார். இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உண்டா? மண்டையோட்டில் எலும்பு இல்லாத இடம் உண்டா? தலைக்குள் துப்பாக்கிச் சன்னத்தின் சிதறல் உண்டா? உண்டு என்றால் இதை அணியக் கூடாது. ஜேர்மன் தாதிக்கு அது படிவத்தில் உள்ள ஒரு வழக்கமான கேள்வி. நம் மக்களுக்கு அப்படியா? "இருக்குது, ஆனால் தலையிலை இல்லை, முழங்காலிலை" என்று அத்தான் சொன்னாராம். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாராம். முள்ளிவாய்க்கால் வரை நடந்து, தலையில் ஷெல் துண்டோடு இன்றும் வாழ்கின்ற எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் இந்த வழி முதலிலேயே அடைபட்டுவிடுகிறது என்பது எனக்கு உறைத்தது.

இத்தனை பாட்டுக்கும் பயன் என்ன? இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். புதிதாக நோய் கண்ட 695 பேரைக் கொண்டு பல நாடுகளில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 466 பேருக்குக் குளிசையும் கருவியும், 229 பேருக்குக் குளிசை மாத்திரம். 2017இல் இறுதி முடிவுகள் வெளியாகின. ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து, கருவி அணிந்தவர்களின் ஆயுட்காலத்தின் இடையம் 20.9 மாதங்கள். அணியாதவர்களுக்கு 16.0 மாதங்கள். ஆயுட்காலத்தின்படி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்குத்தான் இடையம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர், மற்றப் பக்கத்தில் நூற்றுக்கு 5 பேர்.

ஏறக்குறைய ஐந்து மாதங்கள். "அவ்வளவுதானா?" என்று சிலர் கேட்பார்கள். கிளியோபிளாஸ்ரோமாவில் ஐந்து மாதம் என்பது சிறிய விடயமல்ல. ஒரு மகளின் கலியாணத்தைப் பார்க்கப் போதுமான காலம் அது. அதே சமயம், அது சுகமும் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது கடினம். ஆனால் வைத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த முடிவுகளில் ஐயம் எழுப்பிய வைத்தியர்களும் உண்டு. குளிசை ஆய்வென்றால், மருந்தில்லாத வெற்றுக் குளிசையை மற்றப் பிரிவினருக்குக் கொடுத்து ஒப்பிடுவார்கள். இந்த ஆய்வில் மற்றப் பிரிவினருக்கு வேலை செய்யாத போலிக் கருவி கொடுக்கப்படவில்லை. கருவி அணிந்தவர்களுக்கு வீட்டில் கூடுதலான கவனிப்பும் கிடைத்திருக்கலாம் அல்லவா? கருவியை அதிக நேரம் அணிந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்ற கணக்கும் வெளிவந்தது. ஆனால் உடலில் தெம்பு உள்ளவர்தானே அதிக நேரம் அணிவார்? தெம்பு ஆயுளைத் தந்ததா, கருவி தந்ததா என்று அந்தக் கணக்கால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

நோவோகியூரின் இந்தக் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது மாதத்துக்கு ஏறத்தாழ 21,000 டொலர் என்று விலை குறிக்கப்பட்டது. ஜேர்மனியில் 2020 மார்ச்சில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு அரச மருத்துவக் காப்புறுதியில் அது சேர்க்கப்பட்டது. அதனால் அத்தானின் சட்டைப்பையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. இங்கிலாந்தில் அரச மருத்துவ சேவைக்கு ஆலோசனை கூறும் நிறுவகம் 2018இல் அதே ஆய்வைப் பார்த்துவிட்டு, கிடைக்கும் நன்மைக்கு இந்தச் செலவு பொருந்தாது என்று வேண்டாமெனப் பரிந்துரைத்தது. ஒரே கருவி, ஒரே கணக்கு, இரு நாடுகளில் இரு தீர்ப்பு!

நான் புறப்பட்ட வருடத்தின் மார்ச் இறுதியில் எங்கள் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பயணப் பெட்டியை அடுக்கிவிட்டுப் போனவள் நான். அக்கா வீட்டில் சார்ஜரில் வரிசையாகப் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. விஞ்ஞானம் ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது ஒருவரின் தலைமாட்டுக்கு வந்து சேர எத்தனை வயர்கள் வேண்டியிருக்கின்றன!

மூளைக்கு வெளியேயும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முதல் சிகிச்சைக்குப் பிறகு முற்றிய நுரையீரல் புற்றுநோயில், வழமையான மருந்தோடு கருவியையும் சேர்த்தவர்களின் இடையம் 13.2 மாதங்கள், சேர்க்காதவர்களுக்கு 9.9 மாதங்கள் என்று 2023இல் ஓர் ஆய்வு கூறியது. 2024 ஒக்ரோபரில் அமெரிக்காவில் அதற்கும் அனுமதி கிடைத்தது. சதையிப் புற்றுநோயிலும் சுமார் இரண்டு மாத நன்மை கண்டதாக 2025இல் அறிக்கை வந்தது. ஆனால், பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டியது சூலகப் புற்றுநோயில் செய்த பெரிய ஆய்வு. 558 பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். 2023இல் வந்த முடிவின்படி, கருவியைச் சேர்த்ததால் அவர்களின் ஆயுள் கூடவில்லை. கிண்ணத்தில் இறந்த கலம் மனித உடலுக்குள்ளும் அதே விதமாக இறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு புற்றுநோயிலும் தனித்தனியே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தை வேறொரு விதமாகப் பயன்படுத்தும் சிகிச்சையும் உண்டு. சருமத்தில் தெரியும் புற்றுக்கட்டிக்கு ப்ளியோமைசின் என்ற மருந்தைச் செலுத்திவிட்டு, சென்ரிமீற்றருக்கு ஆயிரம் வோல்ற்று அளவிலான எட்டு மின்துடிப்புகளைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். கலமென்சவ்வில் சிறு துவாரங்கள் திறக்க, சாதாரணமாக உள்ளே போக முடியாத மருந்து கலத்துக்குள் புகுந்துவிடும். 1991இல் பிரான்சில் மனிதரில் செய்த முதல் முயற்சியின் அறிக்கை வந்தது. 2006இல் ஐரோப்பாவில் இதற்கான பொது வழிமுறை வகுக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் நெஞ்சுத் தோலில் மீண்டும் முளைக்கும்போது அந்த இடத்தை அடக்க இது உதவுகிறது. இதையும் பயிற்சி பெற்ற வைத்தியர்கள், நோவு தெரியாமலிருக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள்.

இனி அந்தச் சகோதரியின் கதைக்கு வருகிறேன்.

மூன்று பிள்ளைகளின் தாய். தையல் வேலை செய்பவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, ஆறு தடவை ஏற்ற வேண்டிய மருந்தில் இரண்டு தடவை ஏற்றியாயிற்று. தலைமயிர் கொட்டி, வாய் அவிந்து, சோற்றைக் கண்டாலே ஓங்காளம். அந்த நேரம் பார்த்து ஒருவர் மின்பாய் விற்க வந்தார். தினமும் அரை மணித்தியாலம் அந்தப் பாயில் படுத்தால் 'உடம்பின் மின்சாரம் சமநிலைப்பட்டு' புற்றுநோய்க் கலங்கள் தாமாகவே இறந்துவிடுமாம். மருந்து ஏற்றத் தேவையில்லையாம். விலை இரண்டு இலட்சத்துக்கு மேல். தாலிக்கொடியை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார்கள்.

"ரீச்சரின்ரை அத்தானுக்கும் வெளிநாட்டிலை இதைத்தானே செய்தவை?" என்று அவர் என்னிடம் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. எங்கள் குடும்பப் படம் ஒன்று அந்தப் பாய்க்குச் சாட்சியாகிவிட்டதே!

அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகவே சொன்னேன். "தங்கச்சி, அத்தான் கருவி போட்டது மருந்துக்குப் பதிலாக இல்லை. வெட்டி, கதிர் அடிச்சு, குளிசையும் குடிச்சுக்கொண்டு, அதுக்கு மேலைதான் அதைப் போட்டவர். அதுவும் நாளுக்கு 18 மணித்தியாலம். அரை மணித்தியாலம் இல்லை. அவருக்கு வந்தது சுகமாக்க ஏலாத வருத்தம். உமக்கு வந்ததை வைத்தியர்கள் சுகமாக்கத்தான் பார்க்கினம்."

பிறகு ஒரு கடதாசியில் நான்கு கேள்விகளை எழுதி, விற்க வந்தவரிடம் கேட்கும்படி அவருடைய கணவரிடம் கொடுத்தேன். இந்தச் சிகிச்சை எந்தப் புற்றுநோய்க்கு? எத்தனை நோயாளரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அது எங்கே வெளியானது? எங்கள் சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறீர்களா, அதை எழுத்தில் தருவீர்களா? எங்கள் வைத்தியருக்கு முன்னால் இதையே சொல்வீர்களா? நான்காவது கேள்வியோடு விற்பனையாளர் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாராம்.

அந்தச் சகோதரி ஒரு வாரம் பிந்தி மூன்றாவது மருந்தை ஏற்றப் போனார். வாந்தியும் வாய்ப்புண்ணும்தான் அவரைப் பாயின் பக்கம் தள்ளின என்பதை கிளினிக்கில் சொல்லும்படி கூறினேன். சொன்னார். ஓங்காளத்துக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். பக்கவிளைவுகளை வாய்விட்டுச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது நம் பெண்களின் பழக்கம். அந்த மௌனத்துக்குள்தான் பாய் விற்பவர்கள் வருகிறார்கள்.

இதன் மறுபக்கமான ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். "வீட்டுக்குப் பக்கத்தில் ட்ரான்ஸ்போமர் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா?" என்று கேட்கும் தாய்மார் பலர். நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவைதான் திசை மாறி மாறி வருகிறது. வெளியிலிருந்து வரும் மின்புலத்தில் மிகச் சிறு பங்குதான் உடலுக்குள் நுழைகிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இவற்றை ஆராய்ந்தது. மின்கம்பிகளைச் சூழ்ந்துள்ள காந்தப்புலத்தைப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று ஐயுறப்படுபவற்றின் வரிசையில் வைத்தது. மின்புலத்தைப் பொறுத்தமட்டில் அப்படிச் சொல்லவும் போதிய ஆதாரம் இல்லை என்றது. மின்சாரம் பேயும் அல்ல, மந்திரமும் அல்ல. எந்த அளவில், எந்த மீடிறனில், எங்கே, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தே அதன் விளைவு.

அத்தான் ஏறக்குறைய ஒன்றரை வருடம் கருவியை அணிந்தார். 2023 இலையுதிர் காலத்தில் கட்டி மீண்டும் வளர்ந்தது ஸ்கானில் தெரிந்தபோது, "இனி என்ரை தலையை எனக்குத் தாங்கோ" என்று கேட்டார். வைத்தியரும் அக்காவும் ஒத்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில், நோய் கண்டு 27 மாதங்களின் பின், வீட்டிலேயே கண்ணை மூடினார். அப்போது அவருடைய தலையில் அரை அங்குலம் மயிர் வளர்ந்திருந்தது. நரைத்த மயிர். அக்கா அதைத் தடவித் தடவியே இருந்தாராம்.

அந்த மாதங்களில் எத்தனையைக் கருவி தந்தது என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "அது எனக்குத் தெரியாது, தங்கச்சி. தெரிஞ்சு என்ன செய்யிறது? மூத்தவளின்ரை பட்டமளிப்புக்கு அந்தப் பையோடை வந்து கைதட்டினவர்" என்றார். அவர் சொன்னது சரி. ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும். ஒரு தனி மனிதருக்கு எந்த மாதம் எதனால் கிடைத்தது என்று எந்த வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவரின் படத்தைக் காட்டி "இவருக்குச் சரிவந்தது" என்று விற்பவரை நம்பக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

சகோதரிகளே, நமக்குக் கிடைக்கக்கூடியவற்றை நாம் முதலில் பயன்படுத்துவோம். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதை ஆரம்பத்தில் கண்டால் சுகமாக்கும் வாய்ப்பு மிக அதிகம். 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டால் சொல்வார். தெல்லிப்பழையிலும் மஹரகமவிலும் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அங்கே போய்வர பஸ் காசும், கூடப் போக ஓர் ஆளும், திரும்பி வந்ததும் குடிக்கக் கொஞ்சம் கஞ்சியும்தான் வேண்டியிருக்கும். அதை நம் மாதர் சங்கங்கள் செய்ய முடியும்.

எங்கள் சங்கம் அந்தச் சகோதரிக்கு அதைத்தான் செய்தது. முறை வைத்து ஒவ்வொருவராகத் தெல்லிப்பழைக்கு அவரோடு போய் வந்தோம். ஆறு தடவையும் மருந்து ஏற்றி முடித்தார். இப்போது தினமும் ஒரு குளிசை குடிக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். அடகு வைக்காமல் தப்பிய தாலிக்கொடி அவருடைய கழுத்திலேயே இருக்கிறது. சென்ற மாதம் பாடசாலைச் சீருடை தைக்கக் கொடுத்த ஓடர்களை ஒரு நாளாவது பிந்தாமல் கொடுத்து முடித்தார்.